விசைத்தறியும் வீட்டுக் கணக்கும்

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் மாலை ஏழு மணிக்கு மேல் ஒரு மௌனப் போராட்டம் நடப்பதுண்டு. பிள்ளையாண்டான் கூடத்தில் புஸ்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பென்ஸிலின் நுனியைக் கடித்துக் கொண்டிருப்பான். தகப்பனார் ஏதோ மிக அவசரமான சமாசாரத்தைப் படிப்பவர்போல் பத்திரிகைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக் கொண்டிருப்பார். தாயாருக்கோ அந்தச் சமயம் பார்த்துத்தான் அடுப்பங்கரையில் வேலை அதிகமாகும். காரணம் வேறொன்றுமில்லை. எந்த நிமிஷத்திலும் பையன் தலையை நிமிர்த்தி, "அப்பா! இந்தக் கணக்கை எப்படிப் போடுவது?" என்று கேட்டுவிடக் கூடும்!

கூட்டல், கழித்தல், வட்டிக் கணக்கு வரையில் தைரியமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெற்றோர்கள்கூட, ஒன்பதாவது வகுப்பில் பீஜ கணிதமும் பௌதிகமும் முழு வேகத்துடன் வந்து சேரும்போது மெல்ல எழுந்து போய்விடுகிறார்கள். (இக்காலத்துப் பாடப் புத்தகங்கள் இவற்றை இயற்கணிதம் என்றும் இயற்பியல் என்றும் சொல்லுகின்றன. பெயர் மாறியதால் பயம் குறைந்துவிட்டதாகத் தெரியவில்லை.)

கையில் நாலு காசு உள்ள வீட்டில் இந்தப் போராட்டத்துக்கு ஒரு சுலபமான முடிவு இருக்கிறது. 'டியூஷன்' என்ற மந்திரச் சொல்லை உச்சரித்து, மாதாமாதம் பணத்தைக் கட்டிவிட்டால் தீர்ந்தது. காசில்லாத வீட்டில் கணக்கு நோட்டுப் புத்தகத்தில் பாதியில் நிற்கிறது. மறுநாள் காலையில் மணி அடிப்பதற்கு முன்னால் அடுத்த பெஞ்சுப் பையனின் நோட்டைப் பார்த்து மீதிப் பாதி எழுதப்படுகிறது. ஒரு நாள் இப்படி. இரண்டு நாள் இப்படி. பிறகு ஒரு வருஷமே இப்படி. பத்தாவது வகுப்புப் பரீட்சை முடிந்து, மேற்கொண்டு எந்தப் பிரிவில் சேருகிறாய் என்று கேட்டால், "கணக்கு இல்லாத குரூப்பாக இருந்தால் போதும்" என்று பதில் வருகிறது. பதினைந்து வயதுக் குழந்தை இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்ன மாத்திரத்தில் எத்தனை கதவுகள் சாத்திக் கொள்கின்றன! இஞ்சினீயரிங் கல்லூரியின் கதவு, விஞ்ஞான ஆராய்ச்சியின் கதவு, இயந்திரத் தொழிலின் மேல்படிகளுக்குப் போகும் கதவு எல்லாமே. அந்தக் கதவுகளைச் சாத்தியது புத்திக் குறைவு என்று உலகம் சொல்லுகிறது. மாலை ஏழு மணிக்குப் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் இல்லாமற் போனதுதான் பல வீடுகளில் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இது எந்த ஊருக்கும் பொருந்தும். ஆனாலும் ஓர் ஊரை மனதில் வைத்துப் பேசினால் விஷயம் தெளிவாகும். கோயமுத்தூரிலிருந்து அவிநாசி வழியாகச் சேலம் போகும் ராஜபாட்டையில், சூலூர் தாலூகாவைச் சேர்ந்த கருமத்தம்பட்டி என்ற ஊர் இருக்கிறது. கொங்கு நாட்டின் பழமையான கத்தோலிக்கத் திருச்சபைகளில் ஒன்று இங்கே உண்டு; செபமாலை அன்னை கோயிலைத் தேடிச் சுற்றுப்புறமெல்லாம் ஜனங்கள் வருவார்கள். ஆனால் ஊரின் இக்காலத்துச் சப்தம் கோயில் மணியோசை அல்ல. 'டடக், டடக்' என்று ஓயாது இடிக்கும் விசைத்தறியின் சப்தந்தான். பக்கத்தில் சோமனூர், அங்கும் அதே சப்தம். பல வீடுகளில் வீடு எங்கே முடிகிறது, தறிக்கூடம் எங்கே ஆரம்பமாகிறது என்று சொல்வதே சிரமம். குழந்தை தொட்டிலில் கேட்ட முதல் தாலாட்டே தறியின் ஓசையாக இருக்கும்.

இந்த ஊரில் ஒன்பதாவது வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தியைக் கற்பனை செய்து கொள்வோம். தாயார் ஐந்தாவது வகுப்போடு நின்று தறிக்கு வந்தவள். பெண்ணின் வீட்டுக் கணக்கு இது: இரண்டு தரத் துணிகள் மொத்தம் 50 மீட்டர் நெய்யப்பட்டன. முதல் தரத்துக்கு மீட்டருக்கு 6 ரூபாய் கூலி. இரண்டாம் தரத்துக்கு 4 ரூபாய். மொத்தக் கூலி 240 ரூபாய். ஒவ்வொரு தரத்திலும் எத்தனை மீட்டர்? (கூலி விகிதம் கணக்குக்காகச் சொன்னது, தறிக்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம்.) பெண் 'எக்ஸ்' என்று எழுதுகிறாள், 'ஒய்' என்று எழுதுகிறாள், அதற்குமேல் ஓடவில்லை. தாயாரிடம் கேட்டால் என்ன நடக்கும்? 'எக்ஸ்' என்ற எழுத்தைக் காட்டினால் அவள், "எனக்கென்ன தெரியும் அம்மணி?" என்று சொல்லிவிடுவாள். கணக்கை மட்டும் வாயால் சொன்னால் சம்பாஷணை வேறு விதமாகப் போகும்:

"எல்லாமே நாலு ரூபாத் துணின்னு வெச்சுக்கோ அம்மணி. அம்பது மீட்டருக்கு எவ்வளவு ஆச்சு?"

"எரநூறுங்கம்மா."

"வந்த கூலி எரநூத்தி நாப்பது. மேலே இருக்கற நாப்பது எங்கிருந்து வந்துச்சு?"

"ஆறு ரூபாத் துணியிலிருந்துங்க."

"அதுல மீட்டருக்கு எவ்வளவு சாஸ்தி?"

"ரெண்டு ரூபாய்ங்க... இருங்கம்மா, இருங்கம்மா! அப்ப அது இருபது மீட்டருங்க! இன்னொண்ணு முப்பது!"

கணக்கு முடிந்துவிட்டது. தாயார் பென்ஸிலைத் தொடக்கூட இல்லை. இதையே காகிதத்தில் எழுதிப் பார்ப்போம். முதல் தரத் துணியை 'அ' என்றும் இரண்டாம் தரத்தை 'ஆ' என்றும் வைத்துக்கொண்டால், அ + ஆ = 50. கூலியைப் பார்த்தால், 6அ + 4ஆ = 240. முதல் வரியை நாலால் பெருக்கினால் 4அ + 4ஆ = 200. இதைக் கூலி வரியிலிருந்து கழித்தால் 2அ = 40. ஆகவே அ = 20; ஆ = 30. இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். "எல்லாமே நாலு ரூபாத் துணி" என்று தாயார் சொன்னாளே, அதுதான் நாலால் பெருக்கிய வரி. "மேலே இருக்கற நாப்பது" என்றது கழித்தல். "மீட்டருக்கு எவ்வளவு சாஸ்தி?" என்றது 2அ. பாடப் புத்தகத்தில் 'நீக்கல் முறை' என்று தலைப்புப் போட்டு விளக்கும் விஷயத்தை ஐந்தாவது வகுப்புப் படித்த நெசவுக்காரி மூன்று கேள்விகளில் முடித்துவிட்டாள். அவளுக்குத் தெரியாதது பீஜ கணிதம் அல்ல. அதன் எழுத்து மட்டுமே.

இந்த எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெரியாத தொகைக்கு எழுத்தை வைக்கும் பழக்கம் மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று பலர் எண்ணுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் பிரம்மகுப்தரும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் 'பீஜ கணிதம்' என்ற பெயரிலேயே நூல் இயற்றிய பாஸ்கராசாரியாரும் தெரியாத தொகைகளுக்கு நிறங்களின் பெயரை வைத்தார்கள்: காலகம், நீலகம், பீதகம், அதாவது கறுப்பு, நீலம், மஞ்சள். அந்த நிறப் பெயர்களின் முதல் எழுத்தைச் சுருக்கமாக எழுதிக் கணக்குப் போட்டார்கள். நூல்கண்டுகளின் நடுவில் வளரும் கருமத்தம்பட்டிக் குழந்தைக்கு 'எக்ஸ்', 'ஒய்' என்பதைவிடக் கறுப்பு நூல், நீல நூல் என்றால் எவ்வளவு சீக்கிரம் விளங்கும்! நம் நாட்டிலும் காரிநாயனார் இயற்றிய 'கணக்கதிகாரம்' என்ற பழைய தமிழ் நூலில் நெல்லும் நிலமும் பொன்னும் கணக்காக வருகின்றன. பலாப் பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணுவதற்குக்கூட அதில் ஒரு வழி சொல்லியிருக்கிறது. வழி எல்லாப் பலாப் பழத்துக்கும் பொருந்துமா என்பதைச் சந்தையில் சோதித்துப் பார்க்கலாம். வீட்டிலுள்ள பொருளிலிருந்து கணக்கைத் தொடங்குவது மட்டும் நமக்குப் புதிதல்ல.

பௌதிகத்தில் சங்கடம் வேறு மாதிரியானது. 'தூரம்' என்றும் 'இடப்பெயர்ச்சி' என்றும் இரண்டு சொற்களைப் புத்தகம் பிரித்துச் சொல்லும். குழந்தை இரண்டையும் உருப்போட்டு, பரீட்சையில் மாற்றி எழுதிவிட்டு வரும். தறிக்குப் பக்கத்தில் அழைத்துக்கொண்டு போய் நாடாவைக் காட்டுங்கள். இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு 2 மீட்டர் என்று வைத்துக் கொள்வோம். நாடா போய்த் திரும்பிவிட்டது. எவ்வளவு ஓடியது? 4 மீட்டர். இருந்த இடத்தைவிட்டு எவ்வளவு நகர்ந்தது? ஒன்றுமில்லை, புறப்பட்ட பெட்டியிலேயே இருக்கிறது. தூரம் 4, இடப்பெயர்ச்சி பூஜ்யம். நூறு தடவை போய் வந்தாலும் தூரம் 400. இடப்பெயர்ச்சி அதே பூஜ்யந்தான். பிறந்தது முதல் இந்த நாடாவைப் பார்த்துக் கொண்டிருக்கும் குழந்தைக்கு இந்த வித்தியாசம் ஏன் புத்தகத்தில் மட்டும் புரியாமலிருக்கிறது? நாடாவையும் புத்தகத்தையும் யாரும் சேர்த்துக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

பஸ் பிரயாணத்தை எடுத்துக் கொள்வோம். ஊரிலிருந்து நகரத்துக்கு 24 கிலோமீட்டர் என்று இருக்கட்டும். போகும்போது பஸ் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம். திரும்பும்போது கூட்டம், நெரிசல், 40 கிலோமீட்டர். சராசரி வேகம் என்ன? நூற்றுக்குத் தொண்ணூறு பேர் யோசியாமல் '50' என்பார்கள், பெரியவர்களும் அப்படியே. போவதற்கு எத்தனை நிமிஷம்? 24. வருவதற்கு? 36. ஆகமொத்தம் 60 நிமிஷம், அதாவது ஒரு மணி. அந்த ஒரு மணியில் ஓடியது 48 கிலோமீட்டர். சராசரி 48 தான், 50 அல்ல. மெதுவாகப் போன பாதையில் பஸ் அதிக நேரம் செலவிட்டது. ஆகையால் அந்த மெதுவுக்குக் கனம் அதிகம். இப்படிச் சொன்ன பிறகு எந்தச் சூத்திரமும் தேவையில்லை. சூத்திரத்தை மட்டும் சொன்னால் அடுத்த கணக்கில் மறுபடியும் '50' தான் வரும்.

பௌதிகக் கணக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கொடுத்திருக்கும் எண்களில் ஒன்று பெரும்பாலும் வார்த்தைக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். "ஓய்வு நிலையிலிருந்து புறப்பட்ட ரெயில்" என்று கணக்கு ஆரம்பிக்கும். 'ஓய்வு நிலை' என்றால் தொடக்க வேகம் பூஜ்யம் என்று பொருள். "பிரேக் போட்டதும் வண்டி நின்றது" என்றால் இறுதி வேகம் பூஜ்யம். "கல் கிணற்றில் விடப்பட்டது" என்றால் பூஜ்ய வேகத்துடன்; "எறியப்பட்டது" என்றால் அப்படியில்லை. குழந்தை எண்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, "ஒரு எண் குறைகிறதே!" என்று திகைத்து உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கணக்குத் தெரியவில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது வாக்கியத்தைப் படிக்கவில்லை. இந்த இடத்தில் உதவி செய்யப் பட்டதாரியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. "கணக்கை உரக்கப் படி கண்ணு. ஓய்வுன்னா என்ன?" என்று கேட்கத் தெரிந்த பாட்டியம்மாள் போதும்.

கிணற்றைப் பற்றிச் சொன்னேனே, அதையும் முடித்துவிடுகிறேன். கொங்கு நாட்டுக் கிணறுகளின் ஆழம் பிரசித்தமானது. கல்லை விட்டு, தண்ணீரில் விழும் சப்தம் 2 வினாடியில் கேட்டால், தண்ணீர் ஏறக்குறைய 19.6 மீட்டர் கீழே இருக்கிறது. சுமார் 64 அடி. 4 வினாடியானால் இரண்டு மடங்கு ஆழமா? இல்லை, நாலு மடங்கு! நேரத்தை அதனாலேயே பெருக்க வேண்டியிருப்பதால் இப்படி. சப்தம் மேலே ஏறிவரச் சிறிது நேரம் ஆகுமே என்று குழந்தை கேட்டால், அதை அன்று கட்டி அணைத்துக்கொள்ளலாம். 19.6 மீட்டருக்கு அந்த நேரம் வினாடியில் பதினேழில் ஒரு பங்கு அளவே ஆகும். ஆனாலும் அந்தக் கேள்வி எந்தப் பரீட்சை மார்க்கைவிடவும் பெரியது.

இனி, எது உதவி, எது உபத்திரவம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். இப்போது கைப்பேசியில் கணக்கைப் படம் பிடித்துக் காட்டினால், கண்மூடித் திறப்பதற்குள் விடையும் வழியும் வரிசையாக வந்து விழுகின்றன. 2018-ஆம் வருஷத்திலிருந்து வந்த நமது மாகாணப் பாடப் புத்தகங்களில் ஒரு சதுரக் குறியீடு அச்சிட்டிருக்கிறார்கள். அதைக் கைப்பேசியில் காட்டினால் பாடத்தின் படக் காட்சி ஓடும். 2019-இல் கல்வித் தொலைக்காட்சியும் தொடங்கிற்று. இவையெல்லாம் நல்லவையே, ஆசிரியர் கிடைக்காத இடத்தில் பெரும் உபகாரம். ஆனால் படம் ஓடும்போது குழந்தை தலையை ஆட்டுகிறதே, அது புரிந்து ஆட்டுகிறதா, தூக்கத்தில் ஆட்டுகிறதா என்று படத்துக்குத் தெரியாது. விடை கேட்ட குழந்தைக்கு விடை கிடைத்துவிடுகிறது. ஆனால் அது எந்த வரியில் வழுக்கிற்று என்பதை யாரும் பார்க்கவில்லை. வழுக்கின இடம் அப்படியே இருக்கிறது, நாளைய கணக்குக்காகக் காத்துக்கொண்டு.

விடை அதிகமாகக் கிடைப்பதும் ஓர் ஆபத்து என்பதைப் பெரிய மேதைகளே உணர்ந்திருக்கிறார்கள். நமது ராமானுஜத்தை எல்லாரும் கும்பகோணத்துப் பிள்ளை என்றே சொல்வார்கள். ஆனால் அவர் 1887 டிசம்பர் 22-இல் பிறந்தது கொங்கு நாட்டு ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில். அதே மாதத்தில் ஒன்பது நாள் முன்னதாக புடாபெஸ்ட் நகரத்தில் போல்யா என்ற இன்னொரு குழந்தை பிறந்தது. பிற்காலத்தில் கணித மேதையான போல்யா, பேராசிரியர் ஹார்டியிடமிருந்து ராமானுஜத்தின் நோட்டுப் புத்தகங்களை இரவல் வாங்கிப் போனாராம். சில நாட்களுக்கெல்லாம் பதறிக்கொண்டு வந்து திருப்பிக் கொடுத்துவிட்டாராம். "இதை வைத்துக் கொண்டிருந்தால் இதில் உள்ளவற்றை நிரூபிப்பதிலேயே என் ஆயுள் போய்விடும், நானாக ஒன்றும் கண்டுபிடிக்க மாட்டேன்" என்பது அவருடைய பயம் என்று சொல்வார்கள். இந்த போல்யாதான் 1945-இல் கணக்குப் போடுவது எப்படி என்று ஒரு சிறு புத்தகம் எழுதினார். அதில் அவர் விடையைச் சொல்லிக் கொடுப்பதில்லை. கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுக்கிறார். தெரியாதது எது? தெரிந்தது எது? இதைப் போன்ற கணக்கை முன்பு பார்த்ததுண்டா? நம் நெசவுக்காரியும் போல்யாவும் ஒரே பள்ளிக்கூடம் என்று தோன்றுகிறதல்லவா?

ராமானுஜத்துக்கு உதவி கிடைத்த வரலாறும் சுவையானது. கும்பகோணத்தில் அவர்கள் வீட்டில் காலேஜ் மாணவர்கள் சிலர் குடியிருந்தார்கள். சிறுவன் ராமானுஜன் அவர்களை விடாமல் கேள்வி கேட்டு, அவர்களுக்குத் தெரிந்த கணிதம் முழுவதையும் சீக்கிரமே கறந்துவிட்டான். லோனி என்பவரின் திரிகோண கணிதப் புத்தகம் கிடைத்தது இரவலாகத்தான். பிறகு 1903-ஆம் வருஷத்தையொட்டி அவர் கைக்கு வந்தது கார் என்பவரின் தொகுப்பு நூல். கார் பெரிய ஆராய்ச்சியாளர் அல்லர். பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்து பிழைத்த டியூஷன் உபாத்தியாயர். சுமார் ஐயாயிரம் கணித முடிபுகளை விளக்கம் அதிகமின்றி அடுக்கிவைத்திருந்தார். விளக்கம் இல்லாததே நல்லதாகப் போயிற்று. பையன் ஒவ்வொன்றுக்கும் தானே வழி தேடினான். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனியாமல் உபகாரச் சம்பளத்தை இழந்ததும், எப்.ஏ. பரீட்சையில் தவறியதும், 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் எழுதியதும் எல்லாரும் அறிந்த கதை. நான் சொல்ல வந்தது வேறு. குடியிருந்த மாணவர்கள் அன்றே, "தொந்தரவு செய்யாதே, போ!" என்று விரட்டியிருந்தால் அந்தக் கதை எப்படித் திரும்பியிருக்குமோ?

மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது நம் தேசத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களின் பழைய வழக்கம். வாத்தியார் இல்லாதபோது சட்டாம்பிள்ளை மணலில் விரலை வைத்து எழுதிக் காட்டுவான். சிறுவர்கள் சேர்ந்து எண்சுவடி சொல்லுவார்கள். 1789-இல் சென்னை எழும்பூரில் பட்டாளத்து அனாதைப் பிள்ளைகளின் விடுதிக்கு மேற்பார்வையாளராக வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளிச் சிறுவர்கள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தம் விடுதி உபாத்தியாயர்கள் புது முறைக்கு இணங்காமல் முரண்டு பிடிக்கவே, எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டுச் சின்ன வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்படி விட்டுவிட்டார். பையன் வெற்றி பெற்றான். பெல் சீமைக்குத் திரும்பி 1797-இல் இதைப் புத்தகமாக எழுதினார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது தேசம் தேசமாகப் பரவிற்று. ஸ்காட்லாந்தில் ஸெயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தில் 'மதராஸ் காலேஜ்' என்ற பெயரில் ஒரு பள்ளிக்கூடம் இன்றும் இருக்கிறது. நம் ஊர்ப் பெயரைச் சீமைக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு வைத்துக்கொண்டார்கள். நாமோ முறையை மறந்துவிட்டோம்.

அந்த முறையில் குறை இல்லாமல் இல்லை. சீமையில் அதைச் சிக்கனத்துக்காகவே பிடித்துக்கொண்டார்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஓர் உபாத்தியாயர் சம்பளம் போதும் என்ற எண்ணம். சட்டாம்பிள்ளை உருப்போட்டதை ஒப்பிக்கச் செய்வான், "ஏன்?" என்று கேட்டால் முழிப்பான். பள்ளி உபாத்தியாயருக்குப் பதிலாக அவனை வைத்ததுதான் தவறு. உபாத்தியாயர் பகலில் கற்பித்த பாடத்தை மாலையில் சேர்ந்து உட்கார்ந்து மெல்லுவதற்கு அவனைவிட நல்ல துணை கிடையாது. பத்தாவது வகுப்பில் முந்தின வருஷந்தான் இதே வரியில் தடுக்கி விழுந்தவன் அவன். தழும்பு இன்னும் ஆறியிருக்காது.

பாஷையின் விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஒரு குழந்தை 'அக்ஸெலரேஷன்' என்று வீட்டில் உருப்போட்டால் தாயார் மரியாதையுடன் ஒதுங்கிக்கொள்கிறாள். 'முடுக்கம்' என்று சொன்னால், "மாட்டை முடுக்கற மாதிரியா?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியிலேயே பாதிப் பாடம் அடங்கியிருக்கிறது. இதற்காக உழைத்தவர்களில் கொங்கு நாட்டாருக்குப் பெரும் பங்கு உண்டு. 1916-இல் சேலத்தில் ஸ்ரீ ராஜாஜியும் ஸ்ரீ வெங்கடசுப்பையரும் சேர்ந்து சாஸ்திரச் சொற்களைத் தமிழில் வகுப்பதற்கென்றே ஒரு சங்கம் கண்டார்கள். திருப்பூரில் பிறந்த ஸ்ரீ தி. சு. அவிநாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி மந்திரியாக இருந்தபோது, உயர்நிலைப் பள்ளிகளில் தமிழில் பாடம் நடக்க வழி செய்தார். அவர் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. அதன் முதன்மை ஆசிரியர் ஸ்ரீ பெரியசாமித் தூரனைக் கச்சேரி ரஸிகர்கள் அறிவார்கள். ஆனால் அவர் கல்லூரியில் படித்தது கணிதம், ஆரம்பத்தில் செய்தது உபாத்தியாயர் வேலை என்பது பலருக்குத் தெரியாது. இத்தனை பேர் பாடுபட்டுச் சேர்த்த சொற்கள் புத்தகத்தில் இருக்கின்றன. ஆங்கில வழியில் படிக்கும் குழந்தையும் வீட்டில் அவற்றைச் சொல்லிப் பார்ப்பதற்கு எந்தச் சட்டமும் தடை இல்லை.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசாங்கம் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தை ஆரம்பித்தது. தெருவிலேயே உள்ள படித்த பெண்கள் பலர் தன்னார்வத்துடன் முன்வந்து, மாலையில் குழந்தைகளைச் சேர்த்து வைத்துப் பாடம் சொன்னார்கள். திட்டம் தொடங்கியபோது அது 1 முதல் 8-ஆம் வகுப்பு வரையில் உள்ள குழந்தைகளுக்கென்று அமைந்தது. சின்னக் குழந்தைகளின் இழப்பை முதலில் ஈடு செய்ய வேண்டியிருந்தது. அதில் குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால் இரட்டைச் சமன்பாடும் இயக்கமும் ஒன்பதாவது வகுப்பில் வருகின்றன. இருபடிச் சமன்பாடும் நியூட்டனின் விதிகளும் பத்தாவதில். எந்தப் படியில் கால் இடறுகிறதோ அதற்கு முந்தின படியோடு கைப்பிடி நின்றுவிட்டது.

அந்தக் கைப்பிடியை நீட்டுவதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. கருமத்தம்பட்டி போன்ற ஊரில் பதினோராவது, பன்னிரண்டாவது வகுப்பில் கணிதம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாலிடெக்னிக்குக்கும் கல்லூரிக்கும் பஸ்ஸில் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். தறிச் சப்தம் எட்டாத ஒரு திண்ணையோ, நூலகத்து மூலையோ, கோயில் மண்டபமோ கிடைத்தால் போதும். வாரத்தில் மூன்று நாள், ஒரு மணி நேரம். விதிகள் மிகச் சொற்பம். பேனா எப்போதும் சிறிய பிள்ளையின் கையிலேயே இருக்கவேண்டும். பெரிய பிள்ளை அதைப் பிடுங்கக் கூடாது. (இந்த ஒரு விதியை அனுசரிப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டுமென்பது சொல்லிக்கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கை துறுதுறுக்கும்!) கேட்க வருகிற பிள்ளை வெறுங்கையோடு வந்து "இது வரலை" என்று சொல்லக் கூடாது. கொடுத்தது என்ன, கேட்டது என்ன, எந்த வரி வரையில் வந்தேன் என்று எழுதிக்கொண்டு வரவேண்டும். பாதிச் சந்தேகம் அதை எழுதும்போதே தீர்ந்துவிடும். இருவருக்கும் தெரியாததை ஒரு சந்தேக நோட்டில் குறித்துவைத்து, மறுநாள் பள்ளி உபாத்தியாயரிடம் கேட்கவேண்டும். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லிச் சமாளிப்பவர்களைத் திண்ணையைவிட்டு இறக்கிவிடலாம்.

பெற்றோர்கள் செய்யக்கூடியது இன்னும் எளிது. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "கணக்கை உரக்கப் படி, கேட்போம்" என்று சொல்லலாம். பழக்கத்துக்காக ஒரு கணக்கு இதோ: மேலே சொன்ன அதே பஸ், அதே 24 கிலோமீட்டர். போகும்போது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போயிற்று. போய்வந்த பிரயாணம் முழுவதற்கும் சராசரி வேகம் 80 ஆக வேண்டுமானால், திரும்பும்போது பஸ் எவ்வளவு வேகமாக வரவேண்டும்? '120' என்று சொல்லத் துடிக்கும் தகப்பனார்கள் சற்றுப் பொறுத்து, முதலில் நிமிஷங்களை எண்ணிப் பார்க்கவும். விடையை அடுத்த இதழில் எதிர்பார்க்க வேண்டாம்.